மறுகூடல் கச்சேரிகள்: எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

ராக் இசைப் பித்துள்ள இருவர் அரைமணி நேரம் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எப்படியும் நடக்காத கச்சேரிகளில் வந்து நிற்கும். பிங்க் ஃபிளாய்டின் ரோஜர் வாட்டர்ஸும் டேவிட் கில்மோரும் பகையை மறந்து ஒரே மேடையில் நின்றால் எந்தப் பாட்டில் தொடங்குவார்கள், லெட் செப்பலின் மறுபடி ஓர் உலகப் பயணம் புறப்பட்டால் எந்தெந்த ஊருக்குப் போவார்கள் என்று பட்டியல் போடுவதில் தனிச் சுகம் உண்டு. செலவும் இல்லை. ஆனால் அண்மைக் காலத்தில் இந்தக் கற்பனைகளில் சில மெய்யாகத் தொடங்கிவிட்டன. 2009இல் சண்டையிட்டுப் பிரிந்த ஒயாசிஸ் 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் மேடையேறியது. மறுநாளே பர்மிங்காமில் பிளாக் சாபத்தின் ஆதி நால்வரும் ஒன்றாக நின்றார்கள். இனி இல்லை என்று பலரும் முடிவுகட்டியிருந்த ரஷ், 2026ஆம் ஆண்டுக்கான பயணத்தை அறிவித்தது. வெளிநாடு சென்று ஒரே ஒரு மறுகூடலைப் பார்க்கும் அளவுக்குப் பணம் சேர்த்து வைத்துக்கொண்டு, எதற்கு டிக்கெட் வாங்குவது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காகவே இந்த ஒப்பீடு.

எதை வைத்து எடைபோடுவது?

சுவரொட்டியில் உள்ள பெயரை ஒதுக்கிவிட்டு, மேடையில் வாசிக்கப்போகிறவர்கள் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். இசைக்குழுவின் பெயர் என்பது சட்டப்படி ஒரு சொத்து. அதைக் கையில் வைத்திருப்பவர்கள்தான் அந்த இசையை உண்டாக்கியவர்கள் என்று சொல்ல முடியாது. பாடகரின் முகம் தெரிந்தால் போதும் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. ஒரு ராக் குழுவின் அடையாளத்தில் பாதிக்குமேல் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து நடக்கும் நடையில் இருக்கிறது; தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால் விழும் அடியைக் கேட்டே வாசிப்பவர் யாரென்று சொல்லிவிடலாம். டிரம்மர் ஜான் பான்ஹம் 1980 செப்டம்பரில் இறந்தபோது, லெட் செப்பலினின் மற்ற மூவரும் வேறொருவரைத் தேடாமல் அந்த டிசம்பரிலேயே குழுவைக் கலைத்தார்கள்.

இரண்டாவது அளவுகோல் ஒத்திகையும் சுருதியும். எழுபது வயதுத் தொண்டை இருபத்தைந்து வயதில் பிடித்த உச்சத்தைப் பிடிக்காது என்பதால், பாட்டை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கித்தான் வாசிப்பார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். சுருதியோடு வேகமும் இறங்கினால்தான் பாட்டு சோர்ந்துபோகும். மூன்றாவது, டிக்கெட் விலை மட்டுமல்லாத மொத்தச் செலவு. நான்காவது, அறிவித்த தேதியில் நிகழ்ச்சி நடக்குமா என்ற உறுதி. வயதானவர்களின் உடல்நலத்தை நம்பி ஆறு மாதம் முன்னதாகப் பணம் கட்டுகிறோம் என்பதால், இதை மற்ற மூன்றுக்கும் சமமாகவே வைக்கிறேன்.

ஒரே இரவு

ஒரே இரவுக்கெனக் கூடுவதன் ஏற்றத்தையும் இறக்கத்தையும் லெட் செப்பலினின் வரலாற்றிலேயே பார்க்கலாம். 1985 ஜூலை 13 அன்று ஃபிலடெல்ஃபியாவில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியில் ஜிம்மி பேஜ், ராபர்ட் பிளான்ட், ஜான் பால் ஜோன்ஸ் மூவரும் போதிய ஒத்திகையின்றி மேடையேறினர். டிரம்ஸ் வாசித்த இருவரில் ஒருவரான ஃபில் காலின்ஸ், அன்று பகலில் லண்டன் வெம்ப்லியில் பாடிவிட்டு, கான்கார்டு விமானத்தில் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து சேர்ந்தவர். பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை, பிளான்ட்டின் குரல் கரகரத்தது. 2004இல் அந்நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோது, தங்கள் பகுதியைச் சேர்க்க அவர்கள் அனுமதிக்கவே இல்லை.

அதே மூவர், அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் அஹ்மத் எர்டெகுனின் நினைவாக 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் கூடியபோது, டிரம்ஸில் பான்ஹமின் மகன் ஜேசன் இருந்தார். வாரக்கணக்கில் ஒத்திகையும் நடந்திருந்தது. இரண்டு பதிவுகளையும் ஒரே மாலையில் ஹெட்ஃபோன் மாட்டி அடுத்தடுத்துக் கேட்டேன். 1985இல் இரண்டு டிரம்ஸும் ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டிருக்க, பேஜ் தனியே எங்கோ போய்க்கொண்டிருக்கிறார். 2007இல் தங்கள் முதல் இசைத்தட்டின் முதல் பாட்டையே முதலில் எடுக்கிறார்கள். ஒற்றைக் காலால் பேஸ் டிரம்மில் மும்மூன்றாக உருண்டு வரும் அடிகளுக்குப் பெயர்போன பாட்டு அது. தந்தையை நேராக ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடக் கடுமையான பரீட்சை வேறில்லை. ஜேசன் அதை முதல் அரை நிமிடத்திலேயே எழுதி முடித்துவிடுகிறார்.

ஆனால் அந்த அரங்கில் இடம் கிடைத்தவர்கள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர். விண்ணப்பங்கள் இரண்டு கோடி வரை வந்ததாகச் சொல்லப்பட்டது. 125 பவுண்டு டிக்கெட் குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு. அறக்கொடைக்காக நடந்த ஏலத்தில் ஒரு ஜோடி டிக்கெட் 83,000 பவுண்டுக்குப் போனது. போதாக்குறைக்கு, முதலில் நவம்பர் 26 என்று குறித்திருந்த தேதி, பேஜின் விரல் முறிந்ததால் இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. முதல் தேதியை நம்பி விமானத்துக்கும் விடுதிக்கும் முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு அது இரட்டைச் செலவு.

பர்மிங்காம் நிகழ்ச்சி வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. அது நடந்த வில்லா பார்க் மைதானம், பிளாக் சாபத்தின் நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே இருக்கிறது. பார்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி ஆஸ்போர்ன் ஓர் அரியணையில் அமர்ந்து பாடினார். பிளாக் சாபத் குழுவாக அவர்கள் வாசித்தவை நான்கே பாடல்கள். பதினேழாம் நாள் ஆஸ்போர்ன் காலமானார். குரலின் தரத்தை வைத்து மட்டும் பார்த்தால் அது சிறந்த கச்சேரி அல்ல என்றாலும், அங்கே இருந்தவர்கள் யாரும் தரத்துக்காகப் போயிருக்க மாட்டார்கள்.

ஒரே இரவு என்பது அந்த ஊருக்கு ரயிலில் போய்வரும் தொலைவில் இருப்பவர்களுக்கு ஏற்றது. நம்மைப் போலக் கடல் கடந்து போக வேண்டியவர்கள், அதன் ஒளிபரப்புக்கோ பின்னர் வரும் படத்துக்கோ பணம் கட்டுவது புத்திசாலித்தனம். ஓ2 நிகழ்ச்சி 2012இல் திரைப்படமாக வந்தபோது, பின்வரிசையில் இருந்தவர் பார்க்க முடியாத விரலசைவெல்லாம் அதில் தெரிந்தது.

ஒரே ஊரில் சில இரவுகள்

நான் முதலிடம் தருவது இந்த வகைக்குத்தான். முன்மாதிரியாக வைப்பது கிரீம் குழுவை. எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றார்கள். 2005 மே மாதம் அதே அரங்கில் நான்கு இரவுகள் வாசித்தார்கள். புரூஸ் அதற்கு இரண்டாண்டு முன்புதான் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். அறுபதுகளில் கிப்சன் கிட்டாரும் மலைபோல் அடுக்கிய ஒலிபெருக்கிகளுமாக ஒருவரையொருவர் மூழ்கடித்தவர்கள், இம்முறை கிளாப்டனின் கையில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோடு, அடக்கமான ஒலியில், ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டு விடை சொல்லும் நிதானத்தில் வாசித்தார்கள். பழைய ஆவேசம் இல்லை என்று குறைப்பட்டவர்கள் இருந்தார்கள். எனக்கோ பேக்கரின் தாளக்கட்டு அப்போதுதான் தெளிவாகக் காதில் விழுந்தது.

இவ்வகையில் பயண அலுப்பு இல்லை, ஒலியமைப்பை ஊருக்கு ஊர் மாற்றத் தேவையில்லை, முதல் இரவின் பிழைகளை மறுநாளே திருத்திக்கொள்ள முடியும். எனவே டிக்கெட் கிடைத்தால் முதல் இரவைத் தவிர்த்து மூன்றாவது இரவுக்கு வாங்குவதே நல்லது. இதன் எல்லையும் கிரீம் குழுவிடமே தெரிகிறது. அதே ஆண்டு அக்டோபரில் அவர்கள் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போனபோது, புரூசுக்கும் பேக்கருக்கும் இடையே இருந்த பழைய உரசல் மேடையிலேயே தலைகாட்டியது. சத்தமாக வாசிக்கிறாய் என்று புரூஸ் தன்னைப் பார்த்துக் கத்தியதாகப் பேக்கர் பிறகு பேட்டியில் குமுறினார். நான்கோடு நிறுத்தியிருக்கலாம்.

இன்று இதன் பெருவடிவம் லாஸ் வேகஸில் நடக்கிறது. ஈகிள்ஸ் குழு 2024 செப்டம்பரில் அங்குள்ள ஸ்ஃபியர் அரங்கில் தொடங்கிய தொடரைத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. தேதிகள் பல இருப்பதால் நம் விடுமுறைக்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம், ஒரு வாரம் தவறினாலும் அடுத்த வாரம் இருக்கும். ஆனால் அந்த ஊரில் விடுதி வாடகை வார இறுதியில் எகிறும். போதாததற்கு, அறையின் விலைக்கு மேல் விடுதி வசதிக் கட்டணம் என்று தனியே ஒன்றை வசூலிப்பார்கள்.

உலகச் சுற்றுப்பயணம்

இதில்தான் பெரும்பணம் புழங்குகிறது, எனவே பகைகளும் இதில்தான் வேகமாகக் கரைகின்றன. 1980இல் பிரிந்த ஈகிள்ஸ் எப்போது மறுபடி சேரும் என்று கேட்டதற்கு, நரகம் பனியாய் உறையும்போது என்று டான் ஹென்லி சொன்னார். 1994இல் சேர்ந்தபோது பயணத்துக்கு அதையே பெயராக வைத்தார்கள். கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவின் பாடகர் ஆக்சல் ரோஸ், பிரிந்துபோன கிட்டார் கலைஞர் ஸ்லாஷுடன் சேர்வது இந்தப் பிறவியில் நடக்காது என்றார். 2016இல் புறப்பட்ட பயணத்தின் பெயர் அதுவே ஆயிற்று. நாம் குதிரைக்குக் கொம்பு முளைக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பிறகு கொம்போடு ஒரு குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது போலத்தான். 2019 வரை நீண்ட அந்தப் பயணம் 58 கோடி டாலருக்குமேல் வசூலித்தது. இதில் நேர்மையானவர்கள் செக்ஸ் பிஸ்டல்ஸ். 1996இல் கூடியபோது தங்கள் பயணத்துக்கு அழுக்குப் பணம் என்று பொருள்படும் பெயரையே சூட்டினார்கள்.

தரத்தைப் பொறுத்தவரை, பயணத்தின் தொடக்கத்தில் டிக்கெட் வாங்காதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை. த போலீஸ் குழு 2007 மே மாதம் வான்கூவரில் பயணத்தைத் தொடங்கியது. இரண்டாம் நிகழ்ச்சி முடிந்ததும், யார் எங்கே தொடங்குவது என்று புரியாமல் தாங்கள் தடுமாறியதையெல்லாம் டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லாண்ட் தன் இணையதளத்தில் தானே எழுதி, கச்சேரி படுமோசம் என்று சிரித்துக்கொண்டார். வேறு பக்கவாத்தியம் எதுவுமின்றி மூன்றே பேர் வாசிக்கும் குழுவில் ஒருவர் தவறினால் மறைக்க ஆள் கிடையாது. 2008 ஆகஸ்டில் நியூயார்க்கில் அவர்கள் முடித்தபோது ஏறத்தாழ 150 நிகழ்ச்சிகள் ஆகியிருந்தன. எனக்குத் தெரிவு கிடைத்திருந்தால் பயணத்தின் நடுப்பகுதியில் ஒன்றை எடுத்திருப்பேன்: ஒத்திகை கூடியிருக்கும், சலிப்பு தட்டியிருக்காது.

செலவுக் கணக்கில் இந்த வகைதான் அதிகம் ஏமாற்றும். 1994இல் ஈகிள்ஸ் உயர்ந்த டிக்கெட்டுக்கு 100 டாலருக்குமேல் வைத்தபோது பெரிய சலசலப்பு எழுந்தது. 2024 ஆகஸ்ட் 31 அன்று ஒயாசிஸ் டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, மணிக்கணக்காக இணைய வரிசையில் நின்ற பிரிட்டன் ரசிகர்கள், சுமார் 150 பவுண்டு என்று அறிவிக்கப்பட்டிருந்த நிற்கும் இடத்து டிக்கெட் தங்கள் முறை வரும்போது 355 பவுண்டாகியிருந்ததைக் கண்டார்கள். அரசின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பு விசாரிக்கும் அளவுக்கு அது போயிற்று. வெளிநாட்டுப் பயணிக்கு இதன்மேல் முன்பதிவுக் கட்டணம், அட்டைக்கான அந்நியச் செலாவணிக் கட்டணம், மறுத்தாலும் திரும்பக் கிடைக்காத விசா கட்டணம், கச்சேரி வாரத்தில் மட்டும் இரட்டிப்பாகும் அறை வாடகை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எனக்கு நெருங்கிய ஒருவர் இப்படி ஒரு பயணத்துக்கு எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு பாடகருக்குத் தொண்டை கெட்டது. டிக்கெட் பணம் முழுவதும் திரும்பி வந்தது. ஆனால் அவருடைய மொத்தச் செலவில் டிக்கெட் கால்பங்குகூட இல்லை. ஏரோஸ்மித் விடைபெறும் பயணத்தை 2023 செப்டம்பரில் தொடங்கிய சில நாட்களிலேயே பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளை அடிபட்டு, மறு ஆண்டு பயணமே கைவிடப்பட்டது.

உங்கள் ஊருக்கு அருகிலேயே குழு வருகிறது என்றால் உலகப் பயணமே சிறந்த தேர்வு, ஏனென்றால் மறைமுகச் செலவுகளில் பெரும்பகுதி அடிபட்டுப் போகிறது. 2025 மே மாதம் கன்ஸ் அண்ட் ரோசஸ் மும்பைக்கு வந்தது. சென்னையிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய அந்த மாதிரி வாய்ப்பு வரும்போது, ஆதி டிரம்மர் இல்லையே, ரிதம் கிட்டார் இசி ஸ்ட்ராட்லின் இல்லையே என்று கணக்குப் பார்க்க மாட்டேன்.

மறைந்தவரின் இடத்தில் இன்னொருவர்

குயீன் குழுவின் பிரெடி மெர்க்குரி 1991 நவம்பரில் மறைந்தார். பேஸ் கிட்டார் ஜான் டீக்கன் தொண்ணூறுகளின் இறுதியில் ஒதுங்கிக்கொண்டார். மிஞ்சிய பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் முதலில் பால் ராட்ஜர்ஸுடனும், பின்னர் ஆடம் லாம்பர்ட்டுடனும் பயணம் செய்திருக்கிறார்கள். குழுவின் பெயரோடு புதிய பாடகரின் பெயரையும் கூட்டல் குறியிட்டுச் சேர்த்து எழுதுவது எனக்குப் பிடித்த நாணயமான செயல். கச்சேரியின் நடுவே பிரையன் மே மட்டும் ஒற்றைக் கிட்டாரோடு அரங்கின் நடுவுக்கு வந்து அமர்வார். அவர் வாசிக்க, கூட்டம் பாடும். கடைசி வரிகளில் பின்திரையில் மெர்க்குரி தோன்றிப் பாடுவார். வெள்ளைத் தலைமுடியோடு கீழே உட்கார்ந்திருப்பவர், நாற்பதைத் தொடாத நண்பரை அண்ணாந்து பார்ப்பார். இது தினமும் நடக்கும் ஏற்பாடு என்று தெரிந்தும் கண் கலங்குகிறது.

மகன்கள் வந்து அமர்வது இதன் மென்மையான வடிவம். முதுகெலும்பு, நரம்புக் கோளாறுகளால் குச்சியைப் பிடிக்க முடியாமல்போன ஃபில் காலின்ஸ், ஜெனிசிஸின் 2021–22 பயணத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாட, மகன் நிக் பின்னால் டிரம்ஸ் வாசித்தார். கிளென் ஃபிரை 2016இல் இறந்தபின் அவருடைய மகன் டீக்கன் ஈகிள்ஸில் சேர்ந்தார். ரஷ் வேறு பாதையில் போயிருக்கிறது: 2020இல் மறைந்த டிரம்மர் நீல் பியர்ட்டின் இடத்துக்கு ஜெர்மனியின் ஆனிக்கா நில்லஸைத் தேர்ந்தெடுத்தது. பியர்ட்டின் அடிகளை எண்ணி எண்ணிப் பழகிய ரசிகர் கூட்டத்தின் முன் அமர்வதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

பாடல்களே முதன்மை, அவற்றை ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து பாட வேண்டும் என்பவர்கள் இதைத் தயங்காமல் எடுக்கலாம். இளையவர் ஒருவர் தோள் கொடுப்பதால் நிகழ்ச்சி ரத்தாகும் வாய்ப்பும் சற்றுக் குறைகிறது. மறைந்தவரின் குரலுக்காகவே அந்தக் குழுவை நேசித்தவர் போனால், இரண்டு மணி நேரமும் இல்லாத ஒருவரையே கேட்டுக்கொண்டிருப்பார்.

எண்ணியல் உருவங்களும் நகல் குழுக்களும்

சுவீடனின் பாப் இசைக் குழுவான அபா, ராக் குழு அல்ல என்றாலும் இந்த வழியைத் திறந்துவிட்டது அதுதான். 2022 மே முதல் லண்டனில் இதற்கென்றே கட்டிய, மூவாயிரம் பேர் கொள்ளும் அரங்கில், 1979ஆம் ஆண்டுத் தோற்றத்தில் நால்வரின் எண்ணியல் உருவங்கள் பாடுகின்றன. கீழே உயிருள்ள பத்துப்பேர் வாசிக்கிறார்கள். 2023 டிசம்பரில் கடைசிக் கச்சேரி வாசித்த கிஸ் குழுவும் அன்றே இந்த வழிக்கு வரப்போவதாக அறிவித்தது. நிகழ்ச்சி நடக்கும் என்ற உறுதிக்கு நூற்றுக்கு நூறு. உருவத்துக்குத் தொண்டை கட்டாது. ஆனால் அது தவறவும் தவறாது என்பதால் எனக்கு அரைமணி நேரத்துக்குமேல் ஆர்வம் தாங்காது. குடும்பத்தோடு லண்டன் போகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

புகழ்பெற்ற குழு ஒன்றின் பாடல்களை அப்படியே வாசிக்கும் நகல் குழுக்களை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1988இல் அடிலெய்டில் தொடங்கிய ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ, கில்மோரின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவிலேயே வாசித்தது. குறைந்த விலையில் முழு இசைத்தட்டை வரிசையாகக் கேட்க வேண்டுமானால் இவர்களை மிஞ்ச ஆள் இல்லை.

காத்திருப்பது

டிக்கெட் எதுவும் வாங்காமல், மனத்தில் உள்ள அந்த ஒரு குழுவுக்காகப் பணத்தைப் பத்திரப்படுத்தி வைப்பது கடைசித் தெரிவு. இதற்குப் பணச் செலவு இல்லை. காலச் செலவு உண்டு. பேஜ் 1944இல் பிறந்தவர், வாட்டர்ஸ் 1943இல், கில்மோர் 1946இல். பிங்க் ஃபிளாய்டின் நால்வரும் 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில் 24 ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து நான்கு பாடல்கள் வாசித்தார்கள். முடிந்ததும் நகர முற்பட்ட கில்மோரை வாட்டர்ஸ் கையசைத்து அழைத்து, நால்வரும் தோளணைத்து நின்றார்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் 2008 செப்டம்பரில் இறந்தார். வாட்டர்ஸுடன் இனி மேடையேறும் பேச்சுக்கே இடமில்லை என்று கில்மோர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 2024இல் குழுவின் ஒலிப்பதிவு உரிமைகள் சோனிக்கு விற்கப்பட்டுவிட்டதால், பணத் தேவை அவர்களைச் சேர்த்துவைக்கும் என்ற கணக்கும் பொய்த்துவிட்டது. இந்தக் குழுவுக்காகக் காத்திருப்பவர்களிடம் பணத்தை எடுத்து வேறெங்காவது செலவழியுங்கள் என்றே சொல்வேன். லெட் செப்பலினைப் பொறுத்தவரை மூவரும் இருக்கிறார்கள், ஜேசனும் இருக்கிறார். தடையாக நிற்பது பிளான்ட்டின் விருப்பமின்மைதான். மனம் மாறினால் நானும் அந்தக் குலுக்கலில் பெயர் கொடுப்பேன்.

காத்திருப்பவர்களின் மூத்த தலைமுறை பீட்டில்ஸ் ரசிகர்கள். 1976இல் ஒரே ஒரு கச்சேரிக்கு 5 கோடி டாலர் வரை தருவதாக ஏற்பாட்டாளர் ஒருவர் முன்வந்தார். அந்த ஏப்ரல் 24 அன்று நியூயார்க்கிலிருந்து நேரலையாக வரும் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில், தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸ் 3,000 டாலர் காசோலை ஒன்றைக் காட்டி, மூன்று பாட்டுப் பாடினால் இது உங்களுக்கு என்று பீட்டில்ஸை அழைத்தார். அந்நேரத்தில் அதே ஊரில், டகோட்டா அடுக்ககத்தில் இருந்த லெனனின் வீட்டில், அவரும் பார்க்க வந்திருந்த மெக்கார்ட்னியும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வேடிக்கைக்காக டாக்சி பிடித்துப் போய் நின்றுவிடலாமா என்று இருவரும் பேசிக்கொண்டதாகவும், அசதியாக இருந்ததால் விட்டுவிட்டதாகவும் லெனன் பின்னாளில் சொன்னார்.